விசாகப்பட்டினம், மூன்று நாள், ஆறு பேர்: அரக்கு போகலாமா, வேண்டாமா?

பையடுக்கி | நவம்பர் 10

வணக்கம். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போக நினைத்திருக்கிறோம். ஆறு பேர்: நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், என் அம்மா (66), என் மாமனார் (71). அம்மாவுக்கு முழங்கால் வலி. மாமனார் நன்றாக நடப்பார், ஆனால் மதியம் ஒரு மணி நேரம் தூங்கியாக வேண்டும். புறப்படுவது சென்னையிலிருந்து.

என் திட்டம் இது. முதல் நாள் கைலாசகிரி மலை, கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் நீர்மூழ்கிக் கப்பல், விமான அருங்காட்சியகம், ருஷிகொண்டா, மாலையில் ராமகிருஷ்ணா கடற்கரை. இரண்டாம் நாள் போரா குகை, அரக்குப் பள்ளத்தாக்கு, இரவுக்குள் திரும்புவது. மூன்றாம் நாள் சிம்மாசலம், தொட்லகொண்டா, பீமிலி, யாராடா, நேரம் மிஞ்சினால் உயிரியல் பூங்கா.

இது நடக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். திட்ட வேண்டும் என்றாலும் திட்டலாம், மனைவி ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.

கடலோரக்கணக்கன் | நவம்பர் 10

மனைவி தொடங்கியதை நான் முடித்துவைக்கிறேன்.

மூன்றாம் நாளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தீர்களா? பீமிலி நகரத்துக்கு வடக்கே 25 கிலோமீட்டர் போல. யாராடா தெற்கே, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு டால்பின் மூக்கு மலைக்கு அந்தப் பக்கம். சிம்மாசலம் கடலை விட்டு உள்ளே, மலைமேல். மூன்றும் மூன்று திசை. நீங்கள் ஊர் பார்க்கப் போகிறீர்களா, வாடகைக் காரின் மீட்டரைப் பார்க்கப் போகிறீர்களா?

இரண்டாம் நாள் அதைவிட மோசம். அரக்கு சாலை வழியே ஏறத்தாழ 115 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. நடுவில் போரா குகையில் இறங்கி ஏற ஒன்றரை மணி. சாப்பாடு, தேநீர், பையனுக்குக் குமட்டல் எடுத்தால் ஓரம் கட்டி நிற்பது என்று எல்லாம் சேர்த்தால் பதின்மூன்று மணி நேரம். அம்மாவின் முழங்கால் அந்தக் காரில் மடங்கியபடியே இருக்கும்.

பழைய_வால்டேர் | நவம்பர் 10

பதினொரு வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தவன். ரயில் நிலையத்துக்கே வால்டேர் என்று பெயர் இருந்த காலத்தில் போய் இறங்கினேன். 1987-இல்தான் விசாகப்பட்டினம் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் அதற்கப்புறமும் பல வருடம் வால்டேர் என்றே கூவினார்கள்.

முதலில் தேதியை மாற்றுங்கள். நமக்குப் பொங்கல் என்றால் அவர்களுக்கு சங்கராந்தி. போகி, சங்கராந்தி, கனுமா என்று மூன்று நாள். ஆந்திராவில் வருடத்தின் பெரிய பண்டிகையே அதுதான். வெளியூரில் பிழைக்கும் அத்தனை பேரும் அந்த வாரம் ஊர் திரும்புவார்கள். ரயிலில் இடம் கிடைக்காது. கிடைத்துப் போய்ச் சேர்ந்தாலும் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், ஏனென்றால் கடைக்காரரும் தன் ஊருக்குப் போயிருப்பார்.

ஜனவரி 26 இந்த முறை திங்கட்கிழமை. 23 வெள்ளி இரவு கிளம்பினால் மூன்று நாள் கிடைக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: நீர்மூழ்கிக் கப்பலுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் வார விடுமுறை திங்கள். அவற்றை சனி ஞாயிறில் முடித்துவிடுங்கள். குடியரசு தினம் என்பதால் திறந்திருக்குமோ என்று நம்பிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.

மலைத்தேன் | நவம்பர் 11

எல்லாரும் சேர்ந்து அரக்கை அடித்துவிட்டீர்கள். நான் ஆதரித்துப் பேசுகிறேன்.

கடல் நமக்குப் புதிதா? சென்னையில் இருக்கிறது, மாமல்லபுரத்தில் இருக்கிறது. விசாகப்பட்டினத்தின் சிறப்பே கடலிலிருந்து சில மணி நேரத்தில் 900 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடலாம் என்பதுதான். ஜனவரியில் காலை பனிமூட்டம், காப்பித் தோட்டங்கள், மூங்கில் குழாய்க்குள் அடைத்துச் சுட்ட கோழி. அரக்கு அராபிகா காப்பிக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

கார் எதற்கு? ரயிலில் போங்கள். காலையில் கிரந்துல் பாசஞ்சர் இருக்கிறது. அரக்கு போவதற்குள் 58 சுரங்கங்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டி முழுக்க ஒரே கூச்சல். கூரை வரை கண்ணாடி வைத்த விஸ்டாடோம் பெட்டியும் உண்டு.

உச்சிவெயில் | நவம்பர் 11

ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரே கூச்சல். 58 தடவை. 71 வயதுக்காரர் பக்கத்தில். நல்ல யோசனை.

நாங்கள் போய்வந்த கதையைச் சொல்கிறேன். ரயிலில் ஏறி, அரக்கில் இறங்கி, முன்பதிவு செய்த கார் வரவில்லை. அதன் ஓட்டுநர் கைப்பேசியை எடுக்கவில்லை. வேறு வண்டி பிடித்தோம். அவர் எங்களைக் கேட்காமலே நான்கு கடைகளில் நிறுத்தினார். தேன், மிளகு, காப்பித்தூள், மறுபடியும் தேன். போரா குகைக்கு வந்தபோது மூடும் நேரம். இறங்கும்போது என் சின்ன மகள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அறைக்கு வந்தது இரவு பதினொன்றரை. மறுநாள் காலை எங்கும் போகவில்லை, எல்லாரும் பிணம் போலக் கிடந்தோம்.

ஆக, அரக்கு ஒரு நாளைத் தின்னவில்லை, ஒன்றரை நாளைத் தின்றது. மூன்று நாள் பயணத்தில் அது சரிபாதி.

மலைத்தேன் | நவம்பர் 11

அது அரக்கின் குற்றமா, உங்கள் ஓட்டுநரின் குற்றமா?

உச்சிவெயில் | நவம்பர் 11

வாந்தி மலைப்பாதையின் குற்றம். மீதியை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம்பெட்டி | நவம்பர் 12

ரயில் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதில் எனக்குத் தகுதி இல்லை.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். போகும்போது ஹவுரா மெயிலில் ஓர் இரவு தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும். வரும்போது விடியுமுன் கோரமண்டலைப் பிடித்தால் மாலையில் சென்னை. அதற்கு செவ்வாய் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும், எடுத்துவிடுங்கள். வேறு ரயில் பார்ப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: சில ரயில்கள் நகருக்குள் வராமல் துவ்வாடாவில் மட்டும் நின்று புறவழியில் போய்விடும். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை படியுங்கள். துவ்வாடாவில் நள்ளிரவில் ஆறு பேரும் எட்டு பைகளுமாக இறங்கி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது, பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள். ஜனவரி 23 பயணத்துக்கு நவம்பர் 24 காலை எட்டு மணி. விடுமுறை வாரம், எட்டு மணி என்றால் எட்டுமணிதான்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் அம்மாவையும் மாமனாரையும் தனி டிக்கெட்டில் போடுங்கள். அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரை, அந்த இருவரும் அந்த வயதுக்காரர்களாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு கைவிட்டுப் போகும், அம்மாவுக்கு மேல்படுக்கை விழும், அப்புறம் பெட்டி முழுக்கக் கெஞ்சிக்கொண்டு அலைவீர்கள். பையனுக்கு அரைக்கட்டணம் போடலாம், ஆனால் படுக்கை தரமாட்டார்கள். இரவுப் பயணம், முழுக்கட்டணம் கொடுத்துப் படுக்கையே வாங்குங்கள்.

தளிகை | நவம்பர் 12

எல்லாவற்றையும் படித்தேன். நீர்மூழ்கிக் கப்பலைப் பேசிவிட்டீர்கள், சுரங்கத்தை எண்ணிவிட்டீர்கள். ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தம்பி, உங்கள் அம்மாவுக்கு எங்கே போக வேண்டும்? உங்கள் மாமனாருக்கு எங்கே போக வேண்டும்?

உங்கள் முதல் பதிவில் அவர்களுடைய முழங்கால் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, அவர்களுடைய விருப்பம் இல்லை. அவர்கள் இருவரும் சம்பந்திகள். ஒருவர் முன்னால் மற்றவர் எதையும் கேட்கமாட்டார். “எங்களுக்கென்ன, குழந்தைகள் இஷ்டம்” என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். அம்மாவை நீங்கள் கேளுங்கள், அப்பாவை உங்கள் மனைவி கேட்கட்டும். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரச் சாப்பாட்டில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பருப்பு, நெய், தயிர் மூன்றும் கைகொடுக்கும். கோங்கூராவும் ஆவக்காயும் இலையில் வந்தால் ஓரத்தில் வைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கலாம். “காரம் தக்குவ” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் குறைக்கிற காரம் நமக்கு இன்னும் காரமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. காலையில் பெசரட்டு வாங்குங்கள். பச்சைப்பயறு, வயிற்றுக்கு இதம். உள்ளே உப்புமா வைத்துத் தருவதும் உண்டு, அம்மாவுக்கு அது பிடிக்கும். மாலையில் கடற்கரையில் பொரி மசாலா, அதை முரி மிக்சர் என்பார்கள். திரும்பும்போது மாடுகுல அல்வா. கோதுமைப் பாலில் செய்வது. நம் திருநெல்வேலிக்காரர்களிடம் கொடுத்து அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பையடுக்கி | நவம்பர் 14

தளிகை அக்கா, நீங்கள் சொன்னபடி தனித்தனியாகக் கேட்டோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா சொன்னது: “சிம்மாசலம் போக வேண்டும். வேறு எங்கேயும் போகாவிட்டாலும் பரவாயில்லை. குகைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே.” அம்மாவுக்கு நரசிம்மர் இஷ்ட தெய்வம். நாற்பது வருடமாக எனக்கு அது தெரியும். ஆனால் திட்டத்தில் சிம்மாசலத்தை நான் போட்டது “பார்க்க வேண்டிய இடங்கள்” பட்டியலில் இருந்ததால்.

மாமனார் ரயில்வேயில் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் மனைவியிடம் சொன்னாராம்: “அரக்கு வேண்டாம். அந்த லைனைப் பார்த்தால் போதும்.” சத்தீஸ்கரில் உள்ள பைலடிலாவின் இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு அனுப்புவதற்காக 1960-களில் மலையைக் குடைந்து போட்ட பாதை அது என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார். வேலையில் இருந்த காலத்தில் அதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

பையனுக்கு நீர்மூழ்கிக் கப்பல். மகளுக்கு எதுவும் வேண்டாம், அறையில் வைஃபை இருந்தால் போதும். மனைவிக்கு ஒரே ஒரு நிபந்தனை: மூன்று நாளும் ஒரே அறை. நடுவில் பெட்டி கட்டமாட்டாராம். அதனால் அரக்கில் இரவு தங்குவது அடிபட்டது.

ஆறு பேருக்கும் சேர்த்து நான் போட்ட பன்னிரண்டு இடங்களில் வீட்டில் கேட்டது மூன்று.

கடலோரக்கணக்கன் | நவம்பர் 14

அப்படியானால் கணக்கு எளிதாகிவிட்டது. ஞாயிறன்று குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். மாமனார், நீங்கள், மகள் மூவரும் ரயிலில். அம்மா, மனைவி, பையன் ஊரில். எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் குடும்பங்களில் மட்டும் ஏனோ பிரிந்து போனால் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆறாம்பெட்டி | நவம்பர் 14

சரக்கு ரயில் கார்டா! முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அவரைப் போரா குகை நிலையத்தில் இறக்கிவிடாதீர்கள். அதைத் தாண்டி சிமிலிகுடா வரும். 996 மீட்டர். அகலப்பாதையில் நாட்டிலேயே உயரமான நிலையம் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. காஷ்மீரில் பாதை போட்ட பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. அரக்கு வரை ரயிலில் போய், அங்கே சாப்பிட்டுவிட்டு, காரில் கீழே இறங்குங்கள். வழியில் போரா. நீங்களும் மகளும் குகைக்குள் போகும்போது அவர் வெளியே நிழலில் உட்காரலாம். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்.

விஸ்டாடோம் கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். அதில் சன்னல் திறக்காது. சுரங்கத்துக்குள் போகும்போது சத்தம் மாறுவதைக் கேட்க வேண்டுமென்றால் சாதாரணப் பெட்டிதான்.

கரைகாவல் | நவம்பர் 15

யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ராமகிருஷ்ணா கடற்கரையில் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பார்க்க மெரினா போல இருக்கும். ஆனால் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடும், அடியிழுப்பு வலுவானது. ஒவ்வொரு வருடமும் அங்கே உயிர்கள் போகின்றன. பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், பெரும்பாலும் கால் நனைக்க இறங்கியவர்கள். கால் நனைக்கத்தான் வேண்டுமென்றால் ருஷிகொண்டா. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை, பாதுகாவலர்கள் இருப்பார்கள். அங்கேயும் கொடி நட்ட எல்லைக்குள், உங்கள் கை பையன் கையில் இருக்கும்போது மட்டும்.

ராமகிருஷ்ணா கடற்கரைக்கு அதிகாலையில் போங்கள். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஊரே நடந்துகொண்டிருக்கும். சூரியன் கடலிலிருந்து எழும். உங்கள் அம்மாவுக்கு மேடுபள்ளம் இல்லாத நடை.

பழைய_வால்டேர் | நவம்பர் 15

கரைகாவல் சொன்னதை வழிமொழிகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிம்மாசலம் பற்றி உங்கள் அம்மாவுக்காகச் சில வரிகள். பெருமாள் வராகமும் நரசிம்மமும் சேர்ந்த திருமேனி. ஆனால் போய் நின்றால் உருவம் தெரியாது. வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார், பார்க்க லிங்கம் போலத் தோன்றும். அட்சய திருதியை அன்று ஒரு நாள் மட்டும் சந்தனத்தைக் களைந்து நிஜரூப தரிசனம். இதை முன்பே சொல்லி அழைத்துப் போங்கள், “முகத்தையே காணோமே” என்று பாதி வழியில் வருந்தக் கூடாது. மலைமேல் வரை வண்டி போகும். உள்ளே கப்பஸ்தம்பம் என்ற தூணைக் கட்டிப்பிடித்து வேண்டிக்கொள்வார்கள்.

தமிழர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தக் கோயிலின் பழைய கல்வெட்டுகளில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தது ஒன்று உண்டு. ஊருக்கே குலோத்துங்க சோழப்பட்டினம் என்ற பெயர் சில காலம் இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் அங்கே என் தெலுங்கு நண்பர்கள் சிரித்துவிட்டு, “அவர் பாதி எங்கள் ஆள்” என்பார்கள். அதுவும் சரிதான், அவர் கீழைச் சாளுக்கிய இளவரசர், சோழர் வீட்டு மகள் பிள்ளை.

தொட்லகொண்டாவை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல ஆசை. “தொட்ல” என்றால் நம் தொட்டிதான். பாறையில் தொட்டி வெட்டி மழைநீர் பிடித்த பௌத்த பிட்சுகளின் மலை. கடற்படை வானிலிருந்து நிலத்தை அளந்தபோதுதான் கண்ணில் பட்டதாம். சரி, உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. விட்டுவிடுங்கள்.

உச்சிவெயில் | நவம்பர் 16

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. “கடல் பார்த்த அறை” என்று எழுதியிருந்ததை நம்பிக் கூடுதலாகக் கொடுத்தோம். கடல் தெரிந்தது, குளியலறைச் சன்னலில், நாற்காலி போட்டு ஏறினால். பதிவு செய்யும் முன் அந்த அறையின் படத்தையே அனுப்பச் சொல்லுங்கள், கட்டடத்தின் படத்தை அல்ல. லிஃப்ட் இருக்கிறதா, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்பதை அம்மாவுக்காகக் கேளுங்கள். கடலுக்கு மூன்று தெரு தள்ளி எடுத்தாலும் குறையில்லை, கடல் எங்கும் ஓடிவிடாது.

பையடுக்கி | பிப்ரவரி 2

போய்வந்துவிட்டோம். கடன்பட்டிருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

டிக்கெட்: நவம்பர் 24 காலை எட்டு மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்தோம். சம்பந்திகள் இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்தது. எங்கள் நால்வருக்கும் இரண்டு பெட்டி தள்ளி. இரவு முழுக்க அவர்கள் இருவரும் எங்களைப் பற்றி நிம்மதியாகப் பேசியிருப்பார்கள் என்று மனைவி சொன்னார்.

சனி: காலையில் அறை, குளியல், பெசரட்டு. மாமனார் தூக்கம். நீர்மூழ்கிக் கப்பல் நாங்கள் போன அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறந்தார்கள். தெரியாமல் காலையிலேயே போயிருந்தால் வெயிலில் நின்றிருப்போம். ஐஎன்எஸ் குர்சுரா 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்றது. 91 மீட்டர் நீளம். உள்ளே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வட்டமான துளை வழியே குனிந்து காலைத் தூக்கிப் போட்டுத்தான் போக வேண்டும். அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டார், நல்லதாகப் போயிற்று. ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் ஒருவர் இந்தியில் விளக்கினார். பையனுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் எத்தனை பேர், எங்கே தூங்கினார்கள், எங்கே குளித்தார்கள் என்று எல்லாவற்றையும் கைகாட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டான். குளிக்கத் தண்ணீர் கிடையாது என்று தெரிந்ததும் அவனுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது.

எதிரிலேயே விமான அருங்காட்சியகம், அதாவது கடற்படையின் பழைய டியூ-142 விமானம். அதைப் பார்த்து முடிக்கும்போது மாலையாகிவிட்டது. கைலாசகிரி போகவில்லை. கடற்கரையில் பொரி மசாலா, 1971 போர் நினைவுச் சின்னம், அறை. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி இந்தக் கடலில்தான் மூழ்கியது என்று மகளிடம் சொன்னேன். வைஃபையில் தேடிப் படித்துவிட்டு இரவு எனக்கே பாடம் நடத்தினாள்.

ஞாயிறு: பிரிந்தோம். விஸ்டாடோம் கிடைக்கவில்லை. சாதாரணப் பெட்டி, நல்ல கூட்டம், மாமனாருக்குச் சன்னல் ஓரம். மலையேறத் தொடங்கியதும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கோடு. மகள் தன் கைப்பேசியில் தனியாக எண்ணினாள். எதிரே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று வந்து நின்றபோது அவர் கையசைத்தார். அந்தக் கார்டும் திருப்பிக் கையசைத்தார். இவர் யார் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. சிமிலிகுடாவில் என்னைப் படம் எடுக்கச் சொன்னார். வழக்கமாகக் கேமராவைக் கண்டால் விலகிப் போகிறவர்.

அரக்கில் சாப்பாடு மட்டும். விடுமுறைக் கூட்டம் தாங்கவில்லை. மலைத்தேன் நண்பர் மன்னிக்க வேண்டும், மூங்கில் கோழிக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள், கிளம்பிவிட்டோம். காப்பித்தூள் வாங்கினேன். போராவில் நானும் மகளும் இறங்கினோம். அந்தக் குகைக்குள் ஓடுகிற கோஸ்தனி ஆறுதான் கீழே பீமிலியில் கடலில் கலக்கிறது என்று வெளியே வந்ததும் மாமனார் சொன்னார், தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். எந்த மொழியில் கேட்டார் என்று தெரியவில்லை. இரவு ஒன்பதரைக்கு அறை. உச்சிவெயில் சொன்னது சரி, மலைப்பாதை இறக்கம் சுகமில்லை. மகளுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை.

அன்று ஊரில் இருந்தவர்கள் காலையில் உயிரியல் பூங்கா, மாலையில் புருஜுப்பேட்டை கனக மகாலட்சுமி கோயில். அம்மன் கூரை இல்லாமல் வெட்டவெளியில் இருக்கிறாள். பக்தர்களே தங்கள் கையால் மஞ்சள் குங்குமம் இட்டுப் பூசை செய்யலாம். இதை யாரும் இங்கே எழுதவில்லை, விடுதிப் பணிப்பெண் சொல்லி மனைவி அழைத்துப் போயிருக்கிறார். அம்மா இரண்டு நாள் கையைக் கழுவ மனமில்லாமல் இருந்தார்.

திங்கள்: விடியற்காலையில் சிம்மாசலம். விடுமுறை என்பதால் வரிசை நீளம், ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்றோம். அம்மாவுக்கு வலிதான். உட்காரலாம் என்று நான் மூன்று தடவை சொன்னேன், நான்காவது தடவை “நீ உட்கார்” என்றார். பழைய_வால்டேர் சார் சொன்னதை முன்பே சொல்லி வைத்திருந்ததால் சந்தனக் காப்பைப் பார்த்து ஏமாற்றம் இல்லை. அடுத்து அட்சய திருதியைக்கு வர வேண்டும் என்கிறார். அன்றைய கூட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

பிற்பகல் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் மனைவி பயணத்திலேயே நன்றாக இருந்தது என்கிறார். பீமிலி, யாராடா, தொட்லகொண்டா எதுவும் பார்க்கவில்லை.

மலைத்தேன் | பிப்ரவரி 2

மூங்கில் கோழிக்கு முக்கால் மணி நேரம் கூடவா பொறுக்க முடியவில்லை? சரி, சுரங்கம் எத்தனை வந்தது?

பையடுக்கி | பிப்ரவரி 2

அதுதான் இன்னும் தீரவில்லை. மகள் கணக்கு 54. மாமனார் குறிப்பேட்டில் 58. நடுவில் தாத்தா இரண்டு தடவை கண்ணசந்ததாகவும், 58 என்று முன்பே தெரிந்ததால் கோட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டதாகவும் அவள் குற்றம் சாட்டுகிறாள். அவர் மறுக்கிறார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கைப்பேசியை என்கிறார்.

ஆறாம்பெட்டி | பிப்ரவரி 3

நான் கார்டு பக்கம்.

ஊஞ்சல் | பிப்ரவரி 9

இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். மார்ச்சில் போகிறோம். என் அத்தை சக்கர நாற்காலியில் வருவார். நீர்மூழ்கிக் கப்பலும் விமானமும் அவருக்குச் சாத்தியமா?

பையடுக்கி | பிப்ரவரி 9

நீர்மூழ்கிக்குள் முடியவே முடியாது. கரையில் நிற்பதால் வெளியிலிருந்து முழு உருவத்தையும் பார்க்கலாம், என் அம்மா அப்படித்தான் பார்த்தார். கடற்கரைச் சாலைக்கு விடிவதற்கு முன்பே அழைத்துப் போங்கள். வண்டி இருக்காது, நாற்காலி தாராளமாக உருளும். ஆனால் முதலில் அத்தைக்கு எது வேண்டும் என்று கேட்டீர்களா?

ஊஞ்சல் | பிப்ரவரி 9

இல்லை. இன்று மாலை கேட்கிறேன்.